சம்மாட்டி கொட்டகையில் எல்லோரும் சுகம்

கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தரையில் ஒட்டிய வெள்ளை டேப்பின் மேல், ஒரு காலின் பெருவிரலை ஒட்டி மறுகாலின் குதிகாலை வைத்து நடக்க வேண்டும். கடலுக்கடியில் மூழ்கிச் சங்கெடுக்கும் குளியாட்களுக்கு வேனில் வந்த எங்கள் மருத்துவக் குழு வைத்த சோதனைகளில் இதுதான் கடைசி. காதுச் சோதனை, ஊதும் சோதனை எல்லாம் முடிந்த பிறகு இது.

முதல் ஆள் சிரித்துக்கொண்டே வந்தான். லுங்கியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, டேப்பின் மேல் நேராக நடந்து, கோடி வந்ததும் திரும்பி நின்று ஒரு சல்யூட் வைத்தான். கொட்டகையே கைதட்டியது. விசிலும் பறந்தது.

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் சம்மாட்டி. படகின் சொந்தக்காரரை எங்கள் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஊரில் பாதிப் படகுகள் அவருடையவை. கொட்டகையும் அவருடையதுதான். டீசல் வாடையும், கழுவாத சங்கின் கவிச்சியும் கலந்து அடித்தாலும் நல்ல நிழல். நாற்காலி கொடுத்தார், மின்விசிறி கொடுத்தார், ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்தும் வந்தது. நானும் இரண்டு கிளாஸ் குடித்தேன்.

“பாத்தீயளா டாக்டரே, எம் பயலுவ எல்லாம் இரும்பு” என்றார்.

எங்கள் டாக்டருக்கும் சந்தோஷம்தான். மத்தியானத்துக்குள் வந்த அத்தனை பேரும் நேராக நடந்தார்கள்.

வந்த அத்தனை பேரும் என்றுதான் சொல்கிறேன். இந்த வாரக் கதையே வராதவர்களைப் பற்றியது.

பின்வாசல் மனிதர்கள்

நாய்களிடம் நான் பட்ட பாட்டைப் போன வாரம் படித்துவிட்டு, ‘உங்களை அதிகம் விரட்டியது நாயா, மனிதர்களா?’ என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நாய்தான் அம்மா. மனிதர்கள் விரட்டுவதில்லை. அவர்கள் மரியாதையாகப் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார்கள்.

என் உடன்பிறந்த அண்ணனே அப்படித்தான். சர்க்கரை அளக்கும் மிஷினோடு நான் நாசரேத்தில் எங்கள் வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தால், அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறமாகக் கிளம்பிவிடுவான். “அண்ணனா? இப்பத்தான் வெளிய போனாவ” என்று மதினி சொல்வாள். அவன் சாப்பிட்டுப் பாதியில் வைத்த அதிரசம் தட்டில் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஆட்களும் உண்டு. சாத்தான்குளத்தில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி. நாங்கள் ஊருக்குள் வந்த செய்தி கிடைத்தால் போதும், கடையை மூடிவிட்டு வந்து வரிசையில் முதல் ஆளாக நிற்பார். ஒருமுறை சோதித்தது போதாதென்று சாயங்காலமும் வந்து கையை நீட்டினார். விடிந்ததும் நடை, ராத்திரிக்குக் கேப்பைக் கூழ் என்று உடம்பைப் பொன் போலப் பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு எந்த வியாதியும் இல்லை, வரவும் செய்யாது.

ஊர் ஊராகப் போய் வியாதிக் கணக்கெடுக்கும் என் பிழைப்பின் தலைவலியே இதுதான். அண்ணாச்சி மாதிரி ஆட்கள் தேடி வந்து கணக்கில் சேர்வார்கள். என் அண்ணன் மாதிரி ஆட்கள் சைக்கிளில் போய்விடுவார்கள். கடைசியில் ஊருக்கே சர்க்கரை இல்லை என்று அறிக்கை எழுதலாம்.

வராதவர்களில் பல தினுசு உண்டு. கடலுக்குப் போனவர், கல்யாணத்துக்குப் போனவர், மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்ததற்காக என்மேல் கோபமாக இருப்பவர் என்று. இவர்கள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை, இவர்களும் வந்தவர்களைப் போலத்தான் இருப்பார்கள். ஆனால் வியாதியே ஒருவரை வரவிடாமல் பிடித்து வைத்திருந்தால், நாம் எடுக்கிற கணக்கு வெந்த சோற்றை மட்டும் பொறுக்கிப் பார்த்துவிட்டு அடுப்பை அணைப்பது மாதிரி ஆகிவிடும்.

நீல நிறத் தொப்பி

கொட்டகையில் டேப்பை உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். தலையில் இறால் கம்பெனியின் நீல நிறத் தொப்பி அப்படியே இருந்தது. வேலை விட்டு நேரே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. கொட்டகைக்குள் வராமல், வெளியே வேனுக்குப் பக்கத்தில் நின்று என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

அவளுக்கு ரெஜினா என்று பெயர் வைக்கிறேன். இது அவளே கேட்டு வாங்கிய பெயர். “எழுதுங்க, ஆனா எம் பேரு போடாதீய. பள்ளிக்கூடத்துல ரெஜினான்னு ஒருத்தி என்னயப் பாடாப் படுத்துனா, அவ பேரப் போடுங்க” என்றாள். மற்றவர்களின் பெயர்களும் மாற்றியவைதான்.

“ஏன் டீச்சர், எல்லாரும் நல்லா இருக்கானுவன்னு எழுதிட்டுப் போறீயளோ?” என்று ஆரம்பித்தாள்.

நான் ஒரு நாளும் வகுப்பெடுத்தவள் இல்லை. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாசரேத்துக்காரி, கையில் பேனா இருக்கிறது என்றால் கடற்கரையில் டீச்சர்தான். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

“வந்தவங்க நல்லாத்தான் இருக்காங்கம்மா” என்றேன்.

“வந்தவன் நல்லாத்தான் இருப்பான். நல்லா இல்லாதவன் சம்மாட்டி முன்னால வந்து விழுந்து காட்டுவானோ? நாளைக்கு அவனப் படகுல ஏத்துவாரா அவரு?”

எனக்குச் சுருக்கென்றது. காலையிலிருந்தே என் மனதில் ஏதோ ஒன்று முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது. வேனுக்குள் உட்கார்ந்திருந்த டாக்டர் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். கதவைத் திறந்து இறங்கி வந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, “நிழல் கிடைச்சதேன்னு உட்கார்ந்துட்டோம்” என்று மட்டும் சொன்னார்.

ரெஜினா இன்னும் முடிக்கவில்லை. அவள் கணவர் கிளமெண்ட் குளியாள். சில மாதங்களாக இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். காதில் ஒரு பக்கம் கூப்பிட்டால் கேட்பதில்லை. என்னவென்று விசாரித்தால் வாயுப் பிடிப்பு என்கிறார், தைலம் தேய்க்கச் சொல்கிறார். அன்று காலை எங்கள் வேனைப் பார்த்ததும் வலை சரிபார்க்கப் போகிறேன் என்று போனவர், அதுவரை வீட்டுக்கு வரவில்லை.

“குளியாளுக்கு எங்கன இருக்கு வலை? ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா டீச்சர்?” என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை.

எதற்காக இந்தச் சோதனை

இதைச் சொல்லாவிட்டால் ரெஜினாவின் கோபம் புரியாது.

இப்போதைய குளியாட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவதில்லை. படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து ஒரு நீளமான டியூப் வழியாகக் காற்று போகும். அதை வாயில் கடித்துக்கொண்டு அடியில் நெடுநேரம் சங்கு பொறுக்குவார்கள். மேலே வரும்போது நின்று நிதானித்து வர வேண்டும். அவசரமாக வந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததும் பொங்குவதுபோல இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் கிளம்பும். அது மூட்டில் போய் நின்றால் வலி. முதுகுத் தண்டில் நின்றால் கால் போய்விடும்.

அதற்கு மருந்து மாத்திரை போதாது. ஆளை உள்ளே வைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிற ஓர் அறை வேண்டும். எங்கள் பக்கத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. ஒன்று வேண்டும் என்று கோரிக்கை எழுதத்தான் டாக்டர் இந்த வேலையையே ஆரம்பித்தார். எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று காட்டினால்தான் கோரிக்கைக்கு மதிப்பு. எல்லோரும் இரும்பு என்று காட்டினால், அறை எதற்கு என்று மேலே உள்ளவர்கள் கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆக, அந்த அறை யாருக்கு வேண்டுமோ அவர்களே வரவில்லை. அவர்கள் வராததால் அந்த அறை வராது.

டியூப்பைப் பிடிக்கிற மச்சான்

மறுநாள் நான் மட்டும் ரெஜினாவின் வீட்டுக்குப் போனேன். காற்று பலமாக இருந்ததால் படகுகள் போகவில்லை. அதனால் கிளமெண்ட் வீட்டில் மாட்டிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து, இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். பக்கத்தில் ரெஜினாவின் தம்பி அந்தோணி.

“எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். இவ சும்மா சாடுதா” என்றார் கிளமெண்ட்.

“நல்லது. அப்ப வந்து ரெண்டு அடி நடந்து காட்டிருங்க” என்றேன்.

“நடந்து காட்டி?”

நடந்து காட்டி, விழுந்தால், சங்கு குளிக்கப் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்வார். பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன. ரகசியமாக வைப்போம் என்று நாங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுண்டு. ஆனால் ஒரே தெருவில் வாழ்கிற ஊரில் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு?

பின்வாசல் வழியாகப் போகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் ஓர் எரிச்சல் உண்டு. அன்று கிளமெண்டின் முகத்தைப் பார்த்தபோது அது போய்விட்டது. அவர் அறியாமையால் ஒளியவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் ஒளிந்தார்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் கடலில் முத்துக்குளித்த காலத்தில், குளியாளின் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பவன் அவன் மனைவியின் சகோதரனாகத்தான் இருப்பானாம். வேறு யாரிடமும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்களாம். தன் அக்காவோ தங்கையோ தாலியறுக்க எவன் சம்மதிப்பான்? முத்து போய்விட்டது, கல்லைக் கட்டி இறங்குவதும் போய்விட்டது. ஆனாலும் அந்த ஊரில் பல படகுகளில் கம்ப்ரசரையும் டியூப்பையும் பார்த்துக்கொள்பவன் இன்றும் மச்சினன்தான்.

கிளமெண்டுக்கு டியூப் பிடிப்பவர் அந்தோணி.

அவர் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார். ரெஜினா திடீரென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏலே, நீ சொல்லு. மேல வரும்போது அவுக எப்படி வாராவ?”

“எல்லாரும் வார மாதிரிதான் வாராரு.”

“சிலுவ மேல கை வச்சுச் சொல்லு.”

அந்தோணி கழுத்தில் கிடந்த சிலுவையைத் தொடவில்லை. டம்ளரைக் கீழே வைத்தார். “படகு ஓரத்தப் பிடிச்சு ஏற முடியல. நாந்தான் கக்கத்துல கை கொடுத்துத் தூக்குதேன்” என்றார்.

“எத்தன நாளா?”

“கொஞ்ச நாளா.”

“எங்கிட்டச் சொன்னியா?”

“சொன்னா நீ அவர விடமாட்ட. விடாட்டா ஒங்க வீட்டுல ஒல எப்படிளா கொதிக்கும்?”

ரெஜினாவுக்கு வந்த ஆங்காரத்தைப் பார்த்து நானே எழுந்துவிட்டேன். “ஒல கொதிக்கவா ஒன்னய மேல நிப்பாட்டிருக்கு? சம்பளத்துக்கு ஆளு கெடைக்காமலா ஒன்னய நிப்பாட்டிருக்கு? நீ எனக்குத் தம்பின்னுதானலே நிப்பாட்டிருக்கு!”

அந்தோணி தலைகுனிந்தார். கிளமெண்ட் சுவரைப் பார்த்தார். வெளியே காற்று தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. போகவும் மனமில்லை.

அந்தோணி எழுந்தார். சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று, மச்சானைப் பார்க்காமலே சொன்னார்.

“ஞாயித்துக்கெழம டீச்சர்கிட்ட வந்து நடந்து காட்டும் மச்சான். வராட்டா திங்கக்கெழம ஒம்ம டியூப்ப வேற ஆளு பிடிக்கட்டும்.”

கிளமெண்ட் நிமிர்ந்து பார்த்தார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய மிரட்டல் எதுவும் இருக்க முடியாது. வேறு ஒருவன் பிடிக்கிற காற்றை நம்பி அவர் இறங்க மாட்டார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஞானோபதேச அறை

இரண்டாம் முறை நாங்கள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. கோவிலுக்குப் பின்னால், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், அதாவது வேதபாடம், நடத்தும் சின்ன அறையைப் பங்குச்சாமியாரிடம் கேட்டு வாங்கினோம். அந்தோணி சொன்ன ஞாயிற்றுக்கிழமையையே நாளாக வைத்தோம்; அன்று அந்த ஊரில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து யார் எங்கே போகிறார்கள் என்று யாரும் பார்க்கவும் மாட்டார்கள். பிள்ளையைக் கூப்பிட வந்தேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழையலாம். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது என் வீட்டில் கேள்விப்படாத விஷயம். அன்று நான் என் கோவிலுக்குச் சாயங்கால ஆராதனைக்குத்தான் போனேன். ஆண்டவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சுவர் முழுக்கப் பிள்ளைகள் கிரேயானில் வரைந்த நோவாவின் பேழைகள். ஒரு பேழைக்குக் கம்ப்ரசரும் டியூப்பும் வரைந்திருந்தார்கள். கீழே சிமெண்டுத் தரையில் எங்கள் வெள்ளை டேப்.

முதல் பூசை முடிந்து வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு அந்தோணி வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கிளமெண்ட், கோவிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு.

காதுச் சோதனையில் இடது காதுக்குள் நாங்கள் அனுப்பிய ஒலிகள் போய்க்கொண்டே இருந்தன. ஒலி கேட்டதும் தூக்க வேண்டிய கையை அவர் தூக்கவே இல்லை. தூக்குவார் என்று நான் காத்திருந்ததுதான் மிச்சம்.

பிறகு டேப். செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடினார். ஓர் அடி வைத்தார். அடுத்த அடி வைக்கும்போது அவர் உடம்பு முழுவதும் இடப்பக்கம் சாய்ந்தது. அந்தோணி பாய்ந்து வந்து, படகில் தூக்குகிற பழக்கத்திலேயோ என்னவோ, கக்கத்தில் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

கைதட்ட அங்கே யாரும் இல்லை.

“விழுந்துட்டேனா?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் கிளமெண்ட்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ வருடமாக ஆட்கள் வர வேண்டும், வர வேண்டும் என்று வாசல் வாசலாகக் கெஞ்சியிருக்கிறேன். ஒருவர் வருவதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

டாக்டர் அவரை உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். இனிமேல் சங்கு குளிக்கக் கூடாது என்றார். தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். காலில் கொஞ்சம் பலம் திரும்பும், காது திரும்புவது சந்தேகம் என்று மறைக்காமல் சொன்னார். கிளமெண்ட் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் வேறு சிலர் வந்தார்கள். பெரும்பாலும் மச்சினன்கள்தான் கூட்டிவந்தார்கள். ஒருவரைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்ததையும் பார்த்தேன். கொட்டகையில் எழுதிய கதைக்கும் அந்த அறையில் எழுதிய கதைக்கும் சம்பந்தமே இல்லை. அது என்னவோ இரண்டு வேறு ஊர்களைப் போல இருந்தது.

அப்போதும் வராதவர்கள் இருந்தார்கள். அவர்களை என்ன செய்வது என்று டாக்டருக்கும் எனக்கும் வேனில் பெரிய வாக்குவாதம். கடைசியில் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே இத்தனை பேர் வரவில்லை, வராததற்கு வியாதியே காரணமாக இருக்கலாம், ஆகவே நாங்கள் சொல்வதைவிடப் பாதிப்பு கூடுதலாகவே இருக்கும் என்று எழுதச் சம்மதித்தார். அறிக்கைகளில் அந்தச் செய்தி வழக்கமாகக் கடைசியில் பொடி எழுத்தில் கிடக்கும். அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அறை இன்னும் வரவில்லை. கோரிக்கை போயிருக்கிறது.

மேலே நிற்பவர்

சம்மாட்டியிடம் கிளமெண்ட் தானே போய்ச் சொன்னார். அவருக்கு வருத்தம்தான். “எங்கிட்ட மொதல்லயே சொல்லிருக்கலாம்லாலே?” என்றாராம். “சொல்லிருந்தா?” என்று இவர் கேட்டாராம். சம்மாட்டி கடலைப் பார்த்தாராம். ‘அப்பவும் படகுல ஏத்திருப்பேன்’ என்று பொய் சொல்லாமல் இருந்தாரே, அந்த மட்டும் நல்ல மனிதர்தான்.

ஆனால் கிளமெண்டைப் படகை விட்டு இறக்கவில்லை. கம்ப்ரசர் பக்கம் நிற்கச் சொன்னார். கிடைக்கிற பங்கு குறைவு. ரெஜினா இறால் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கிறாள். குளிக்க இறங்குவது இப்போது அந்தோணி.

சமீபத்தில் அந்தப் பக்கம் போனபோது படகு கரையேறிக்கொண்டிருந்தது. ரெஜினாவும் நானும் மணலில் நின்றோம். படகில் கிளமெண்ட் நின்றபடியே மஞ்சள் டியூப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். காலில் இழுப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தோணி ஓரமாக உட்கார்ந்து, தோள்பட்டையை மெல்ல நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

ரெஜினாவும் அதைப் பார்த்தாள். “தோளு வலிக்கான்னு கேட்டா, ஒண்ணும் இல்லங்கான் டீச்சர்” என்றாள்.

நான் சத்தமாகக் கேட்டேன். “என்ன அந்தோணி, ஒரு நாள் வந்து நடந்து காட்டுதீயளா?”

“எனக்கு என்ன டீச்சர்? நான் நல்லாத்தான இருக்கேன்” என்று சிரித்தார் அவர். கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

கிளமெண்ட் கேட்கிற காதை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். டியூப்பின் கடைசிச் சுற்றையும் தோளில் மாட்டிவிட்டு, மச்சினனைப் பார்க்காமலே சொன்னார்.

“ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாரேன் டீச்சர். வராட்டா திங்கக்கெழம இவன் டியூப்ப வேற ஆளு பிடிக்கட்டும்.”